உச்சவரம்பும் மூன்றாம் மாடியும்

நடக்க முடியாதவர்களுக்கு நடக்கப் பழக்கும் அறையை மூன்றாவது மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யார் என்று அந்த அரசு மருத்துவமனையில் ஒருவருக்கும் தெரியாது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவும் இல்லை. கோடையின் தொடக்கத்தில் அதன் மோட்டார் புகைந்து, களைத்துப்போன பெரிய மிருகம் மாதிரி இரண்டு மாடிகளுக்கு நடுவே அது படுத்துவிட்ட பிறகுதான் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதெல்லாம் பராமரிப்புப் பொறியாளரான அவளிடம்.

கேட்டவர்களைவிட அவளுக்குத்தான் அவசரம். பக்கவாதத்தில் வலது கால் செயலிழந்த அவளுடைய அப்பாவும் அந்த அறைக்குத்தான் போகவேண்டும். ஆரம்ப மாதங்களில் பழக்காவிட்டால் கால் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆட்கள் கிடைத்தால் தூக்கிப் போவார்கள். கிடைக்காத நாளில் வீடு திரும்பவேண்டியதுதான்.

கணக்கு அலுவலரின் அறை தரைத்தளத்தில், நுழைவாயிலுக்கு நேர் எதிரே இருந்தது. அகலக் கதவு, நல்ல வெளிச்சம். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு.

"மறுபடியும் லிஃப்டா?" என்றார், நிமிராமலே.

"பணம் இல்லைன்னாவது சொல்லுங்க சார். போய்த் தொலையறேன்."

"யாரும்மா இல்லைன்னது? கஜானா நிரம்பி வழியுது. அதான் தலைவலியே. மாநில அரசு வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு ஜனங்க ஓட்டுப் போட்டு மாநில அரசியலமைப்புலயே எழுதி வச்சுட்டாங்க. அதுக்கு மேல வரி வந்தா ஜனங்களுக்கே திருப்பிக் குடுக்கணும். உங்களுக்கும் வந்திருக்குமே?"

வந்திருந்தது. ஒரு ஜோடி செருப்புக்குக் காணாது.

"எல்லாரும் அந்தப் பணத்தைச் சேத்து உங்ககிட்டயே குடுத்துட்டா?"

"தாராளமா குடுங்க. அது அரசாங்க வருமானம். அதுல மோட்டார் வாங்கினா அரசாங்கச் செலவு. வரம்பு தாண்டிடும்."

"மோட்டாராவே வாங்கிக் குடுத்தா?"

"அதுக்கும் விலை போட்டுச் செலவுலதான் எழுதணும். அப்புறம், மாட்ட வர்றவனுக்குக் கூலி யார் குடுப்பா, உங்க மாமனாரா?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். "எனக்கும் எரிச்சல்தாம்மா. சட்டத்தை நானா எழுதினேன்? ஒரு பைசா செலவில்லாத வேலை ஏதாவது இருந்தா செஞ்சுக்கங்க. அதுக்கு என் கையெழுத்தே வேண்டாம். ஆளை விடுங்க!"

வெளியே மாடிப்படியின் அடியில் அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்குற பசங்க எங்கப்பா?"

"விபத்து கேஸாம், ஓடிட்டாங்க. பூட்டு என்ன சொன்னான்?"

"வரம்பு, சட்டம், மண்ணாங்கட்டி. எல்லாம் நீங்க பண்ணின வேலை. இந்த வரம்புக்காகப் பொதுவாக்கெடுப்பு வந்தப்போ, ஆதரிச்சு ஓட்டுப் போடுங்கன்னு தெருத் தெருவா நோட்டீஸ் குடுத்தது யாரு?"

"இப்பவும் குடுப்பேன். அரசாங்கத்தோட கையைக் கட்டலைன்னா கண்டபடி வாரி இறைக்கும்."

"கையை மட்டுமா கட்டினீங்க? உங்க காலையும் சேத்துல்ல கட்டியிருக்கீங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்காலை மட்டும் இடது கையால் மெல்லத் தடவினார், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல. அவளுக்குத் திட்டவும் முடியவில்லை, திட்டாமலும் இருக்கமுடியவில்லை. பெருமூச்சு விட்டுத் திரும்பியபோது, எதிரே அந்த அகலக் கதவு திறந்து கிடந்தது. மேசைகள். அலமாரிகள். மூன்றாவது மாடிக்குப் போவதில் அவற்றுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

அவள் நேராகத் தலைமை மருத்துவரிடம் போனாள். படிகளில் யார் விழுவார்களோ என்று தூக்கம் கெட்டிருந்த அந்த மனிதர், அவள் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பணியில் இருந்த பணியாளர்களும் அவளும் மேலிருந்ததைக் கீழும் கீழிருந்ததை மேலும் கொண்டுபோனார்கள். அவர்களுடைய சம்பளம் ஏற்கெனவே வரம்புக்குள் இருந்தது. நடைப்பயிற்சிக் கம்பிகளைக் கழற்றியதும் மாட்டியதும் அவளே.

திங்கள் காலை பூட்டு தன் மேசையைத் தேடிப் படியேறினார். சிறிது நேரத்தில் வியர்த்து வழிய இறங்கி வந்து தன் பழைய அறையின் கதவில் கையூன்றி நின்றார்.

"யாரைக் கேட்டும்மா..."

"உங்களைத்தான் சார். ஒரு பைசா ஆகலை."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே இரண்டு கம்பிகளுக்கு நடுவே அப்பா நின்றிருந்தார். வலது கால் நடுங்கிற்று, இழுபட்டது, பிறகு பாதம் தரையில் பதிந்தது. அப்பா நிமிர்ந்து, வென்றவர் முகத்தோடு பூட்டைப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்? கையைக் கட்டிப் போட்டாத்தான் மூளை வேலை செய்யும். செலவில்லாம முடிஞ்சுதா இல்லையா? நான் போட்ட ஓட்டு சரிதான்!"

பூட்டு அவளைப் பார்த்தார். அவள் பூட்டைப் பார்த்தாள். முதல் தடவையாக இருவருக்கும் ஒரே எரிச்சல்.

"நடங்கப்பா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயால இல்ல, காலால."