அந்த வரியில் தமிழச்சு இல்லை

தமிழ்மதி வந்து நாலு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள எங்க முதலாளி பாஸ்கல் சார் வாயத் தொறந்தா தமிழ்மதி, மூடுனா தமிழ்மதி. ஒட்டன்சத்திரத்துப் புள்ள. "சரிங்க்கா, சொல்லுங்க்கா"ன்னு அவ இழுக்குற இழுப்பே எனக்கு ஆகாது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், பூட்டுக்கடை மாடியில எங்க ஆபீஸ். மண்டிக்கும் பிரியாணிக் கடைக்கும் பில் போடுற சாப்ட்வேர் செஞ்சு குடுக்குறோம். லைசென்ஸ் செலவு இல்லைன்னு எல்லாமே லினக்ஸ்ல. பில்லைத் தமிழ்ல அச்சடிக்கிற புரோகிராமை ரெண்டாயிரத்து ஒண்ணுல எழுதுனது நான், டெய்சி. 'தமிழச்சு'ன்னு பேரு. அதுக்கப்புறம் இங்க யாரு என்ன செஞ்சாலும், கடைக்குக் குடுக்க சிடியில பேக்கேஜ் கட்டும்போது 'இது ஓட என்னென்ன தேவை'ங்கிற வரியில தமிழச்சுன்னு எழுதியே ஆகணும். எழுதுனாத்தான் கடைக்காரரோட கம்ப்யூட்டர் மெஷின்ல அதுவும் சேந்து ஏறும். அந்த வரியில அது இருக்குற வரைக்கும்தான் இந்த ஆபீஸ்ல எனக்கு மதிப்பு. எனக்குத் தெரியாதா?

தமிழ்மதி கட்டுன மண்டி பேக்கேஜைத் தொறந்து பாத்தேன். தேவை வரியில என்னென்னமோ இருக்கு, தமிழச்சு இல்ல. கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தேன். இல்லவே இல்ல.

மறந்துட்டா. இங்க எல்லாரும் பண்ற தப்புதான். ஆபீஸ் மெஷின் அத்தனையிலயும் தமிழச்சு ஏற்கெனவே கெடக்கு, எழுதாட்டியும் இங்க ஜம்முனு ஓடும். புது மெஷின்ல போட்டாத்தான் பல்லிளிக்கும். இந்த பேக்கேஜை ஏத்தப் போறது அகரத்துல பொன்னழகு அண்ணனோட தேங்காய் மண்டியில, அவரு வாங்கியிருக்குறது புத்தம்புது மெஷின். சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்லணும்? அம்புட்டுப் பேரு முன்னாடி அவ முழிக்கட்டும், பாஸ்கல் சார் என்னைத் திரும்பிப் பாக்கட்டும். "நானும் வாரேன் சார்"னு கேட்டு வாங்கிக் கூடப் போனேன். டவுன் பஸ்ல எனக்குன்னு ஜன்னல் சீட்டை விட்டுக் குடுத்தா பாருங்க, அதுவும் எரிச்சலாத்தான் இருந்துச்சு.

மண்டியில மட்டை உரிக்கிற ஆளுங்க வேலைய விட்டுட்டு வந்து நின்னாங்க. தமிழ்மதி சிடியப் போட்டு ஏத்துனா. "ஒரு பில்லு அடிம்மா"ன்னாரு சார். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. சந்தோஷத்துலதான்.

பிரிண்டர் கிர்ருன்னு இழுத்துச்சு. பொன்னழகு பேரு, தேங்காய், வண்டி வாடகை, எல்லாம் தமிழ்ல. என்னோடதைவிடத் தெளிவா.

"தமிழச்சு எங்கடி?" என்னை மீறிக் கேட்டுட்டேன்.

"அது வேண்டாங்க்கா. இப்ப வர்ற லினக்ஸ்லயே தமிழ் இருக்குதுங்க, நேரா அதுலயே அடிச்சுட்டேன். போன வாரமே ஒரு மெஷின முழுசா அழிச்சுட்டுப் போட்டுப் பாத்தேனுங்க."

அவ மூஞ்சியில ஒரு கள்ளமும் இல்ல. இருந்திருந்தா நாலு வார்த்தை திட்டியாவது இருப்பேன்.

பொன்னழகு அண்ணன் எளநி வெட்டச் சொன்னாரு. மொதல்ல தமிழ்மதிக்கு நீட்டிட்டு, என் பக்கம் பாத்தாரு. "இந்தப் புள்ளைக்கு உங்ககிட்ட என்ன வேலை சார்?"

பாஸ்கல் சார் அவரோட எளநிய வாங்கிக்கிட்டாரு.

"சும்மா, துணைக்கு வந்துருக்கு"ன்னாரு.