ஜீன் எங்கே போகும்

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளிக்கு எதைத் தொட்டாலும் ஜீன்தான். பிள்ளைக்குக் கிட்டப்பார்வை என்று வந்து நிற்கும் அம்மாவிடம், “எல்லாம் ஜீன்மா. உங்க வீட்டுக்காரர் பவர் என்ன?” என்பார். அதுவாவது பரவாயில்லை. ஒருவர் பேரம் பேசினாலும் ஜீன், கோபப்பட்டாலும் ஜீன். எங்கோ நாலு வரி படித்துவிட்டு ஊருக்கே ஜாதகம் கணிக்கிற மனிதர்.

விடுமுறைக்கு வந்த மகள் கடையில் பிரேம் துடைத்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையாக அவர்கள் தத்தெடுத்த பெண். அது அவளுக்கும் தெரியும். வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. பெற்றவர்கள் யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. சீராட்டி வளர்த்ததில் தத்து என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று விலை உயர்ந்த பிரேம் ஒன்றைக் காணோம். லென்ஸ் தேய்க்க ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருடைய அப்பா திருட்டு வழக்கில் உள்ளே போய் வந்தவர் என்பது தெருவுக்கே தெரியும்.

“தம்பி, உன் பையைக் கொஞ்சம் எடு.”

லென்ஸ்காரர் கொண்டுவந்து மேசையில் திறந்து வைத்தார். டிபன் டப்பா, துண்டு, குடை. வேறொன்றும் இல்லை. முதலாளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்காக வாய் சும்மா இருக்குமா?

“தப்பா எடுத்துக்காத. எவ்வளவு நல்லா வளர்த்தாலும், அப்பன் ஜீன் எங்க போகும்? அதான் கேட்டேன்.”

பிரேம் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மகள் உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்து, லென்ஸ்காரரின் பைக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

“இதையும் பாத்துடுங்கப்பா.”

“என்னம்மா இது, விளையாட்டு?”

“விளையாட்டு இல்லப்பா. அவரோட அப்பா யாருன்னாவது உங்களுக்குத் தெரியும்.”

முதலாளிக்கு உடம்பெல்லாம் கூசியது. லென்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தனக்காக அவர் வெட்கப்படுகிறார் என்பது புரிந்ததும் முதலாளிக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையில் அந்த பிரேமை ஷோகேஸ் பொம்மைக்கு மாட்டிவிட்டதே தான்தான் என்று.

அதைச் சொல்லாமல், கையை நீட்டி மகளின் பையை மூடப் போனார்.

“தேடாம மூடாதீங்கப்பா” என்றாள்.