புலி விட்ட இறைச்சி

வியாழன், 14 மார்ச் 1974

இன்று கண்டி மாலை வகுப்பில் என் முறை. மாதக் கடைசியில் நடக்கும் கண்காட்சியில் பேச ஒருவரைத்தான் எடுப்பார்கள். அதற்காக மூன்று வாரமாகப் பதினான்கு அட்டைகள் எழுதி இலக்கமிட்டு வைத்திருந்தேன். விஷயம், வாள்பல் பூனைகளும் ஆதிமனிதரும்.

ஒன்பதாம் அட்டை வரை சரியாகத்தான் போனது. அப்படித்தான் நினைக்கிறேன். வாள்போல் நீண்ட பல்லும் புலியளவு உடம்புமுள்ள அந்தப் பூனைகள் தின்று முடிக்காமல் விட்ட இறைச்சியை, மனிதர் கூட்டமாகப் போய்க் கல்லெறிந்து எடுத்திருக்கலாம் என்று சொன்னேன். மகேந்திரராசா மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். சுடத் துவக்கு இல்லாத மனிதர் அப்படிப்பட்ட மிருகத்திடம் பறிப்பார்களா, இன்றைக்கு யாராவது அப்படிச் செய்ததுண்டா என்று கேட்டார்.

உண்டு. போன ஆவணியில், நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தேயிலைக்குள் சிறுத்தை, எங்கள் பேச்சில் புலி, ஒரு மரை மானை அடித்துப் போட்டுக் காவல் கிடந்தது. கொழுந்து பறிக்கப் போன ஆறு பெண்கள் தகரம் தட்டிக்கொண்டே நெருங்கினார்கள். அது உறுமிக்கொண்டு விலகியது. ஒரு தொடையை அதற்கு விட்டுவிட்டு மிச்சத்தைப் பங்கு போட்டார்கள். முன்னால் நடந்தவள் என் அம்மா பேச்சியம்மா. அந்த இறைச்சியை நானும் தின்றேன்.

அம்மா என்று வாய் வரை வந்தது. "எங்க பக்கத்துல யாரோ புலிகிட்டருந்து எடுத்ததா கேள்விப்பட்டிருக்கேன் சேர்" என்றேன்.

அக்குறணை ஸெய்னுலாப்தீன் கடைசி வாங்குப் பலகையிலிருந்து, "புலிட எச்சிலையா மச்சான் தின்ட?" என்றான். வகுப்பே சிரித்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். "ஆர் எடுத்தது? பேரைச் சொல்லும், எழுதுவம்."

தெரியாது என்றேன். பேர் இல்லாவிட்டால் அது வெறும் கதை, சான்று இல்லை என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார். வாய்ப்பு கூடப் படிக்கும் யசோதாவுக்குப் போனது. அவள் மழைமானியைப் பற்றிப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், அதுவும் எரிச்சலாக இருந்தது.

ரயிலில் பதினான்கு அட்டைகளையும் இரண்டு தடவை பார்த்தேன். எதிலும் பிழை இல்லை.

வீட்டில் அம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள். சாட்சி கேட்டார்கள், கிடைக்கவில்லை என்றேன். எதற்குச் சாட்சி என்றாள். மரை விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"என்னையக் கூப்பிட்டிருந்தா வந்து சொல்லியிருப்பேனேடா" என்றாள். "சீலை கூட புதுசு இருக்கு."

மாஸ்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தாயிற்று. 'என் தாயார்' என்று தொடங்கினால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.