கொர்வெற் திரும்பிய பக்கம்

இலங்கையில் போர் முடிந்த அந்த வைகாசி மாதத்தில், டென்மார்க்கில் பிரெடெரிசியாத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில், அறுபத்தாறாம் ஆண்டு செய்த வெள்ளைக் கொர்வெற் கார் ஒன்று, காணாமற்போன பிரியந்தன் இருக்கும் திசைக்குத் தன் முன்சில்லுகளைத் திருப்பத் தொடங்கியது. என்ஜினை இயக்கினால் போதும். ஒருவரும் தொடாமலே ஸ்டியரிங் மெல்லச் சுழன்று தென்கிழக்கில் போய் நிற்கும். காரை மறுபக்கம் பார்க்க விட்டால், முடிந்தமட்டும் திரும்பிவிட்டுப் பொறுமையாக நிற்கும்.

கார் மோகன்ஸ் என்ற ஓய்வுபெற்ற பாற்கட்டி வியாபாரியுடையது. பழைய அமெரிக்கக் கார்களின் கோடைகாலக் கண்காட்சிக்கு அதைத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்தபடியே கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே நடுவர்கள் குழாய்க் கவ்வியில் குத்திய முத்திரையைக்கூடக் குனிந்து பார்ப்பார்களாம். முன்னைய சொந்தக்காரர் பவர் ஸ்டியரிங்குக்குக் கண்ட கண்ட கடைச் சாமான்களைப் பூட்டியிருந்தார். அவற்றையெல்லாம் கழற்றி, மிச்சிகனில் இருந்து வரவழைத்த அந்தக் காலத்துப் பம்ப், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் பூட்டியவர் பரமானந்தம். மட்டக்களப்பில் பஸ் டிப்போவில் வேலை செய்தவர். சில்லு தானாகத் திரும்பினால் வால்வு நடுவில் இல்லை என்று அவருக்குத் தெரியும். நடுவுக்கு வைத்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது மறுபடியும் தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பரமானந்தத்தின் மனைவி றெஜினா முதியோர் இல்லத்து வேலை முடிந்து போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுடைய தம்பிதான் பிரியந்தன். கட்டட வேலைக்கென்று வன்னிக்குப் போய் அங்கேயே அகப்பட்டவன். தைமாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"இஞ்ச பாருங்க, இது தம்பி இருக்கிற பக்கமெல்லோ?" என்றாள்.

"விசர்க் கதை கதையாத, றெஜினா. இது வால்வுப் பிரச்சினை."

அவர் அதட்டியதற்குக் காரணம் இருந்தது. மைத்துனன் உயிரோடு இல்லை என்று அவர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்குப் பாதிரியாரிடம் ஒருமுறை இரகசியமாகக் கதைத்தும் இருந்தார். றெஜினா அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கராஜுக்கு வந்து, என்ஜினைப் போடச் சொல்லி, சில்லு திரும்பியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். சாப்பாட்டில் பழையபடி உப்பும் உறைப்பும் அளவாக இருந்ததைப் பரமானந்தம் கவனித்தார்.

கண்காட்சி நெருங்கியபோது மோகன்ஸ் வந்து காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கோணல் சில்லோடு எப்படிக் கொண்டுபோவது, கழற்றிய கடைப் பம்பையே திரும்பப் போட்டுவிடு என்றார். பரமானந்தம் ஸ்பானரைக் கையில் எடுத்தார். வேலை உடுப்போடு வாசலில் நின்ற றெஜினா, "கழட்டாதீங்க" என்றாள், அவ்வளவுதான். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். இது இவளுடைய தம்பியைப் பார்க்கிறது, என்னால் கழற்ற முடியாது என்று டேனிஷில் சொன்னார். வாயை விட்டு வந்த பிறகுதான் தானும் அதை நம்புகிறார் என்பது அவருக்கே விளங்கியது.

மோகன்ஸ் குனிந்து பம்பைப் பார்த்தார்.

"பூட்டியிருப்பது எல்லாம் தொழிற்சாலைச் சாமான்தானே?"

"ஓம், எல்லாம்."

"அப்படியென்றால் பிழை ஒன்றும் இல்லையே," என்றார்.

நடுவர்கள் ஸ்டியரிங்குக்கு முழுப் புள்ளியும் கொடுத்தார்கள். றேடியோக் குமிழ் வேறு காலத்தது என்று கொஞ்சம் வெட்டினார்கள்.

இலையுதிர் காலத்தில் சில்லுகள் வடகிழக்குக்கு நகர்ந்தன. மொஸ்கோவாக இருக்கும் என்று மோகன்ஸ் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். பனி கொட்டத் தொடங்கியபோது தெற்கே பார்த்தன. ஜேர்மனி என்று றெஜினா சொன்னாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று நேர் கிழக்கே திரும்பிவிட்டன; கிட்ட வந்துவிட்டான் என்று உடனே புறப்பட்டார்கள். கொர்வெற்றில் இரண்டே இரண்டு இருக்கை. மோகன்ஸும் றெஜினாவும் அதில் போக, பரமானந்தம் தன் டொயோட்டாவில் பின்னால் போனார். பெரிய பாலம் தாண்டி, டோஸ்ட்ருப்பில் கார் தன்பாட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ரயில் நிலையத்துக்கு முன்னால் போய் நின்றது. மெலிந்துபோன பிரியந்தன் அங்கே வாங்கில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, ஆர்ர கார் இது?" என்று கேட்டான்.

றெஜினா அவனுக்கு ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு, ரயில் பிடிக்க ஓடியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். பரமானந்தம் டொயோட்டாவை விட்டு இறங்கினார். பாதிரியாரிடம் போய் நன்றிப் பூசைக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பிரியந்தன் அகதி விண்ணப்பம் கொடுத்தான், காத்திருந்தான், அனுமதி கிடைத்தது. பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான், சுசீலாதேவி என்ற பெண்ணைக் கலியாணம் செய்தான், கொஞ்சம் வயிறும் வைத்தது. கார் இன்னமும் அவனைத்தான் பார்க்கிறது. அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது சில்லு நேராக நிற்காவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. அதனால் பரிசோதகர் முதல்நாளே பிரியந்தனுக்குத் தொலைபேசி எடுத்து நேரம் கேட்பார். அவன் அரைநாள் லீவு போட்டு வந்து காருக்கு நேர் முன்னால் நிற்பான். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பரிசோதகர் குனிந்து பார்த்துக் கையெழுத்து வைப்பார்.