பச்சை விரிப்பும் பொன்னுரங்கத்தின் பாடும்

ஏரி நடுவே தீவாக இருந்த பசியாவரத்து வாலிபால் கோர்ட்டில் விரித்திருந்த அந்தப் பச்சை பிளாஸ்டிக் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்தது. சென்னையில் ஏதோ கண்காட்சி முடிந்து கழித்துப்போட்டதை, ஊர் விளையாட்டுச் சங்கத்துச் செயலாளர் சீனிவாசன் படகில் ஏற்றிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரன்தான். பொன்னேரியில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் காலில் ஷூ ஏறிவிட்டது.

"அடியில மணலு போடுடா"ன்னு பொன்னுரங்கம் தலைபாடாய் அடித்துக்கொண்டான். கேட்டால்தானே? சிமெண்டுத் தரைமேலேயே விரித்துவிட்டான் மகராசன். பாய்ந்து பந்தெடுத்தால் முட்டி பேர்ந்தது. எண்பத்து நாலாம் வருஷச் சித்திரை வெயிலுக்கு அந்தப் பச்சை அடுப்பாகக் காய்ந்தது.

சூடு தணிய உப்பு ஏரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியது பொன்னுரங்கமேதான். குடிக்கிற தண்ணீரே படகில் வருகிற ஊரில் வேறு எதை ஊற்றுவான்? கால்மணி நேரம் குளுகுளுவென்றிருந்தது. மறுநாள் பார்த்தால் உப்புப் பூத்து, பிளாஸ்டிக் இழையெல்லாம் விறைத்து, உள்ளங்காலை அறுத்தது. தன் கையாலேயே கெடுத்ததை நினைத்து அவனுக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

ஆரம்பாக்கத்தோடு இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் அவனுடைய பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஊரில் ஆளுக்கொரு நாள் முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. விட்டால் இன்னும் பன்னிரண்டு நாள் காத்திருக்கவேண்டும். வெந்த காலோடு உப்புத் தண்ணீரில் எவன் நிற்பான்?

"ஆட்டத்த நாலரைக்கு வெச்சிக்கடா. கடல்காத்து வந்துடும், தரையும் ஆறிடும்" என்றான் பொன்னுரங்கம்.

"மெட்ராஸ்லேர்ந்து வர்ற சீஃப் கெஸ்ட்டு ரயிலு புடிக்கணும். ரெண்டு மணிதான். பல்லக் கடிச்சிக்கினு ஆடு, பழகிடும்" என்றான் சீனிவாசன், ஷூக் காலை ஆட்டிக்கொண்டே.

ஞாயிறு இரண்டு மணி. முதல் பந்தை விருந்தாளி போடவேண்டும். அதைக் கையில் கொடுக்க, கேப்டன் பொன்னுரங்கம் நடுவில் வெறுங்காலோடு நின்றான். சீனிவாசன் மைக்கைப் பிடித்தவன் விடவில்லை. உள்ளங்கால் பொசுங்கியது. நகர்ந்தால் நடிக்கிறான் என்பான், போகட்டும் என்று வீம்புக்கு நின்றான் பொன்னுரங்கம்.

ஒருவழியாக விருந்தாளி ஷூவோடு உள்ளே காலெடுத்தார்.

"ஐயா, படகுலயும் சரி, இந்தக் கோட்டுக்குள்ளயும் சரி, எங்க ஊருல செருப்போட ஏறமாட்டோம். கழட்டிட்டு வாங்க" என்றான் பொன்னுரங்கம்.

நல்ல மனுஷர், உடனே கழற்றினார். மூன்றாவது அடியில் துள்ளி, கோர்ட்டோரத்து நிழல் மணலுக்கு ஓடினார்.

"என்னய்யா இது, தோசைக்கல்லா? இதுலயா பசங்க ஆடணும்? சுருட்டுங்க இத. வெயில் தாழ மணல்லயே ஆடட்டும். நான் கடைசி பஸ்ல போய்க்கிறேன்."

நாலரைக்கு மணலில் ஆட்டம் நடந்தது. பொன்னுரங்கம் ஆடவில்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் கட்டி, ஓரமாக உட்கார்ந்திருந்தான். பசியாவரம் தோற்றது.

அன்று சாயங்காலமே மனைவி ரங்கம்மாள் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு சீனிவாசன் வாசலுக்குப் போனான்.

"நாளைக்கி என் பாடு. உன்னாலதான் என் காலு போச்சு. நீ வந்து எறங்கு."

"ஆபீசு கீதுடா."

"லீவு போடு."

ரங்கம்மாள் சுமந்து வந்த வலையை அவன் வாசற்படியில் பொத்தென்று போட்டாள். "விடியறதுக்குள்ள வந்துடு" என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சீனிவாசன் குனிந்து வலையை எடுத்து உள்ளே வைத்தான்.

திங்களன்று பொன்னுரங்கம் காலில் துணி சுற்றிக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தான். இடுப்பளவு தண்ணீரில் சீனிவாசன் வலை இழுத்தான். ஐந்து வருஷமாகக் கயிறு தொடாத கை. உச்சிப்பொழுதுக்குள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம் உடைந்து, உப்பு ஏறியது.

"எரியுதுடா, பொன்னுரங்கம்."

பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் பொன்னுரங்கம் நினைத்திருந்தான். சிரிப்பு வரவில்லை, கோபம் அப்படியே இருந்தது.

"பழகிடும். இழு" என்றான்.