உயிரோடு திரும்பிய இளவரசர்

இளவரசருக்கு மெத்தைக் கடையில் விற்பனையாளர் வேலை. நாட்டை விட்டு ஓடிவந்து இருபது வருடம் ஆகியும் மெத்தையை அமுக்கிக் காட்டும்போது ஏதோ மாகாணத்தையே தானம் கொடுப்பதுபோல்தான் காட்டுவார். பத்திரிகைக்காரன் எவனாவது கிடைத்துவிட்டால் போதும், "நான் ஒரு வார்த்தை சொன்னா அங்கே படையே திரளும்" என்று அளந்துவிடுவார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அங்கே அரண்மனையைப் பிடித்துக்கொண்ட தளபதிக்குப் புளிக்கவில்லை. இளவரசரின் அண்ணன்கள் இரண்டு பேரையும் ஏற்கெனவே தீர்த்துக்கட்டியவன் அவன். ஒரு மத்தியானம் அவன் ஆட்கள் கடை வாசலிலேயே இளவரசரை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் தளபதியே இளவரசரின் மனைவிக்குப் போன் செய்தான். குரலில் அப்படியொரு பணிவு.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் படை இருக்குங்கறார். எங்கேன்னு கேட்டா முழிக்கறார். நீங்களாவது சொல்லுங்க."

கதை கட்டத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவள் உள்ளதைக் கொட்டிவிட்டாள்.

"படையாவது ஒண்ணாவது. கீழ்வீட்டு நாயைக் கட்டிப்போடலைன்னா மனுஷன் தெருமுனையிலேயே நிப்பாருங்க. முதலாளி திட்டினா வீட்டுக்கு வந்து அழுவார். குடியிருப்புச் சங்கத் தேர்தல்ல நின்னார், ஒரே ஒரு ஓட்டு. அவரே போட்டது."

"நீங்க போடலையா?"

"எப்படிப் போடறது? தப்பித்தவறி ஜெயிச்சுட்டார்னா?"

தளபதி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வாரமே இளவரசரை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவரோ குளித்து முடித்த கையோடு கோட்டை மாட்டினார்.

"பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன். என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கைகால் உதறிடுச்சு. பயந்துதான் விட்டுட்டான். உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?"

இந்தப் பேட்டி வெளியானால் அடுத்த தடவை தளபதி போனெல்லாம் செய்ய மாட்டான். கீழே அழைப்புமணி அடித்தது.

"அவன் பயப்படலைங்க. என்கிட்ட போன்ல கேட்டான், சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

நாய், முதலாளி, தேர்தல் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"அதுக்கு அவன்?"

"சிரிச்சான்."

அவர் கோட்டைக் கழற்றினார். வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

இளவரசர் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார். மெத்தை விற்கிறார், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். அண்ணன்களைக் கொன்ற தளபதியை இப்போதெல்லாம் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. மனைவியிடம்தான் பேச்சை நிறுத்திவிட்டார்.