வடக்குப் பக்கத்து நிழல்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். வீட்டின் முன்பக்கத்தில் டைல்ஸ், தூண், வளைவு, கண்ணைப் பறிக்கிற பெயிண்ட். பக்கச் சுவருக்குப் பூச்சுகூட இருக்காது, செங்கல் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். இங்கே இதற்கு ‘எலிவேஷன்’ என்று பெயர். தெருவில் போகிறவன் பார்க்க வேண்டும், உள்ளே இருக்கிறவன் எப்படியோ போகட்டும். திருமுல்லைவாயிலில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டே அப்படிப்பட்டதுதான். ஆனாலும் ஒரு கார்பன் நியூட்ரல் கட்டடத்துக்கு இதே கதி வரும் என்று நான் நினைக்கவில்லை பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் கிருஷ்ணப்பிரியா. ஆர்க்கிடெக்ட். கட்டடத்தின் வெளிச்சுவரை வெயிலுக்குத் தகுந்தபடி வடிவமைப்பது என் வேலை. கார்பன் நியூட்ரல் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கட்டடம் காற்றில் விடும் கரியை அதுவே ஈடுகட்டிவிட வேண்டும். அதற்கு முதல் வழி, ஏ.சி.யும் விளக்கும் அதிகம் தேவைப்படாமல் கட்டுவது. கட்டடத்தின் ஓனர் ஹேமநாதனுக்கு இதெல்லாம் தெரியாது. அம்பத்தூர் ஏரிப் பக்கம் அவர் குடும்பம் பயிர் செய்த நிலத்தில் முதலில் குடோன் போட்டார், பிறகு ஆபீஸ் கட்டடம் கட்டி ஐ.டி. கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட நினைத்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இப்போது கார்பன் நியூட்ரல்தான் கேட்கிறார்கள் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். அன்றிலிருந்து சுற்றுச்சூழல் மேல் அவருக்குத் தீராத பாசம்.

அதுவரை நான் வரைந்ததெல்லாம் எங்கள் முதலாளி கிஷோரின் பெயரில்தான் வெளியே போயிற்று. இந்தத் தடவை ஹேமநாதனே, “வாசக் கல்லுல உன் பேரத்தாம்மா வெட்டப் போறேன்” என்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லில் என் பெயர் வரப்போகிறது, அந்தக் கட்டடத்துக்குள் ஒருவருக்கும் சுடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மேற்குச் சுவர் முழுக்கச் சுட்ட மண் பலகைகள், சாய்வாக, இடைவெளி விட்டு. காற்று நுழையும், சாயங்கால வெயில் நுழையாது. வடக்கில் வெயில் அவ்வளவாக எட்டிப் பார்க்காது என்பதால் அங்கே அகலமான கண்ணாடி, வெளிச்சத்துக்கு. இதை வரைந்து கொடுத்துவிட்டு அண்ணன் கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போனேன். திரும்பி வந்து சைட்டில் கால் வைத்தேன். பலகைகள் அத்தனையையும் ரோட்டைப் பார்த்த வடக்குப் பக்கம் மாட்டியிருந்தார்கள். வடக்குக்கு வாங்கிய கண்ணாடி வீணாகிவிடக் கூடாதே என்று அதைக் கொண்டுபோய் மேற்கில் பொருத்திவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் கங்காதரனைப் பிடித்து உலுக்கினேன். அவர் பதறவே இல்லை. “டிராயிங்ல மேற்குன்னு தப்பா விழுந்திருக்குன்னு நெனச்சேன் மேடம். எலிவேஷனை யாராவது பின்னால வெப்பாங்களா? ஓனரும் ரோட்டுப் பக்கம்தான் மாட்டச் சொன்னாரு.”

ஓனர் ரோட்டில் நின்று அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, கல்யாணம் நல்லா நடந்துச்சா? பாத்தியா, எலிவேஷன் சும்மா கும்முனு கீது!”

“சார், அது மேற்குப் பக்கம் வர வேண்டியது.”

“மேக்கால இன்னா கீது? முள்ளு. அப்பால ஏரி. எருமமாடுதான் பாக்கும். அதுக்குப் போயி இம்மாம் அழகான சாமானை மாட்டுவாங்களா?”

“வெயில் அந்தப் பக்கம்தான் சார் அடிக்கும்.”

“அடிக்கட்டும்மா. வெயிலா வந்து வாடகைக்கு எடுக்கப் போவுது?”

பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். கிஷோரிடம் ஓடினேன். “பிரியா, கிளையன்ட் சந்தோஷமா இருக்காரு. நீ ஏன் டென்ஷன் ஆகுற?” என்று கேட்டுவிட்டு, வடக்குப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ‘மண்ணின் மூச்சு’ என்று தலைப்பு வேறு.

சரி, பசுமைச் சான்றிதழ் கொடுக்க வருகிறவர்களாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்போது கார் ஜில்லென்று இருக்க வேண்டும் என்று டிரைவர் வாசலில் இஞ்சினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். வந்ததோ காலையில். காலையில் மேற்குப் பக்கம் பச்சைப் பிள்ளை போல் குளுகுளுவென்று இருக்கும். “மதியத்துக்கு மேல பாருங்க சார்” என்று கெஞ்சினேன். மதியத்துக்கு அவர்களுக்குப் பூந்தமல்லியில் பிரியாணி ஏற்பாடாகியிருந்தது. சுட்ட மண்ணைத் தடவிப் பார்த்து, “வெர்னாகுலர் டச், நம்ம ஊர் மணம்” என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். சான்றிதழ் வந்தது, அதுவும் உயர்ந்த ரகம். அதைக் காட்டியே ஐ.டி. கம்பெனிகளைக் குடிவைத்துவிட்டார் ஹேமநாதன்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கன்னி மூலை. வாஸ்துப்படி முதலாளி தென்மேற்கு மூலையில்தான் உட்கார வேண்டும். கட்டடத்தில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஆபீஸிலும் ஹேமநாதன் அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். தென்மேற்கு என்றால் மேற்குக் கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால்தான். நான் சொல்லிக் கேட்கவில்லை, சித்திரை வெயில் சொன்னால் கேட்பார் என்று வாயை மூடிக்கொண்டேன். பலகைகளைக் கழற்றி மேற்கே மாட்டுவதற்கான வரைபடத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

சித்திரை பிறந்தது, அவரும் கூப்பிட்டார். நெற்றிச் சந்தனம் புருவத்துக்கு வழிந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“இன்னாமா இது, அடுப்பாண்ட குந்திகினு கீற மாதிரி கீது?”

சந்தோஷத்தில் வரைபடத்தை மேஜை மேல் விரித்தேன். அவர் அதன் மேல் செம்பை வைத்துத் தண்ணீர் குடித்தார். “எலிவேஷன்ல கை வெக்காதே. கிரீன் பில்டிங் அவார்டுக்குப் போட்டோ போயிடுச்சு.”

பதிலாக ஏ.சி. வந்தது. அது போதாமல் இன்னொன்று. அதுவும் போதாமல் போக வாஸ்துக்காரரை வரவழைத்தார். முதலாளி எழுந்து போனால் கன்னி மூலை காலியாகிவிடும், அது ஆகாது, வேண்டுமானால் குடும்பத்துப் பெரியவர் படத்தை நாற்காலியில் வைக்கலாம் என்று அவர் வழிசொன்னார். ஹேமநாதனின் அப்பா கோதண்டம் மாலையோடு நாற்காலியில் எழுந்தருளினார். மாலை வாடக் கூடாது என்று ஏ.சி. நாள் முழுக்க ஓடியது. ஹேமநாதன் வடக்கு அறைக்கு மாறினார். அங்கே வராத வெயிலை என் பலகைகள் மறைத்துக்கொண்டிருந்ததால் பட்டப்பகலில் இருட்டு. அதனால் அங்கே விளக்கும் நாள் முழுக்க எரிந்தது. ஒரு போட்டோவுக்கு ஏ.சி., ஒரு முதலாளிக்கு விளக்கு. கரியை ஈடுகட்டியாயிற்று.

வைகாசியில் அவார்டும் வந்தது. மதியத்துக்கு மேல் கட்டடத்திலேயே விழா. வாசல் கல்லில் என் பெயர் பளபளத்தது. ஹேமநாதன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், கிஷோர் கைதட்டினார். எனக்கு அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை, கும்பிட்டேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்து நின்றாள். ஜெயப்பிரியா. ஐயப்பன்தாங்கலிலிருந்து தினம் பஸ் மாறி வருகிறவள், மூன்றாவது மாடியில் வேலை.

“மேடம், கல்லுல இருக்கற கிருஷ்ணப்பிரியா நீங்கதானே?”

“ஆமாம்மா.” எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

“ரோட்டுப் பக்கம் அவ்ளோ அழகா பண்ணியிருக்கீங்க. நாங்க உக்கார்ற பக்கத்த மட்டும் ஏன் மேடம் மறந்துட்டீங்க?”

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் மறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஹேமநாதன் என்றேன், கங்காதரன் என்றேன், வரைபடத்தில் சரியாகத்தான் இருந்தது என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “சரி மேடம். ஒரு தடவை மேல வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

போனேன். மூன்றாவது மாடி மேற்கு வரிசையில் பெண்கள் ஈரக் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஏ.சி. இரைந்ததே தவிர குளிரவில்லை. இடுக்கில் விழுந்த வெயிலில் திரை தெரியாமல் ஒருத்தி ஒரு கையால் மறைத்துக்கொண்டு டைப் அடித்தாள். கண்ணாடி முழுக்கப் பழைய காலண்டர், செய்தித்தாள், துப்பட்டா ஒட்டியிருந்தது. ஜெயப்பிரியாவின் இடத்துக்கு நேரே மட்டும் ஒட்டியது கழன்று, வெயில் நேராக அவள் நாற்காலியில் விழுந்தது.

அவள் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். “எனக்கு எட்டாது மேடம். நீங்க கொஞ்சம் உயரம்.”

பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறினேன். அவள் டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தாள், நான் ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினேன். கண்ணாடி கையைச் சுட்டது. அந்தக் கட்டடத்தின் மேற்குப் பக்கத்துக்கு நான் போட்ட முதல் நிழல் அதுதான்.